ஸ்பைடர் திருந்தினாரா, எதிரியை மாற்றினாரா?

11 ஜூன் 2023, காலை 9.10

ஒரு வாசகத் தம்பியின் கேள்வி இது: "மறுபதிப்பு வந்தபோதுதான் ஸ்பைடர் காமிக்ஸை முதன்முதலாகப் படித்தேன். ஒரு புத்தகத்தில் கொள்ளையடிக்கிறார். இன்னொன்றில் கொள்ளைக்காரர்களைப் பிடிக்கிறார். நடுவில் எங்கே திருந்தினார்? நான் ஏதாவது புத்தகத்தை விட்டுவிட்டேனா, இல்லை அவர் திருந்தவே இல்லையா?"

தம்பி, நீங்கள் எதையும் விடவில்லை. அவன் திருந்தவே இல்லை. எதிரியை மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான். ஊரில் இருக்கிற பெரிய ரவுடி சின்ன ரவுடிகளைப் போட்டு மொத்தினால் அவன் போலீஸ்காரன் ஆகிவிடுவானா? முப்பத்தெட்டு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான். மாற்றிக்கொள்வதாக இல்லை.

11 ஜூன், காலை 9.45

வேகத்தில் எழுதிவிட்டேன். ஸ்பைடரையே தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. இது அமெரிக்கச் சிலந்தி மனிதன் அல்ல. சிவப்பு நீல உடுப்பு, கல்லூரிப் பையன், அத்தை, அதெல்லாம் கிடையாது. இவன் இங்கிலாந்துச் சரக்கு. அங்கே 'லயன்' என்ற வாரப் பத்திரிகையில் 1965 ஜூன் மாதம் தொடங்கினான். கதை நடப்பது நியூயார்க்கில். கறுப்பு உடை, கூர்க்காது, ஏறிய புருவம், முதுகில் ஏகப்பட்ட சாமான்கள். வலைத் துப்பாக்கி, வாயுத் துப்பாக்கி, பறந்து போக ஹெலிகார். குடியிருப்பு, ஸ்காட்லாந்திலிருந்து கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து அமெரிக்காவில் நிறுத்திய கோட்டை. அடக்கமான ஆள்.

பூட்டு உடைப்பதில் கில்லாடியான ராய் ஆர்டினி, குறுக்குப் புத்தி விஞ்ஞானி பேராசிரியர் பெல்ஹாம் என்று இரண்டு கையாட்கள். துரத்தும் போலீஸ்காரர்களும் இரண்டு பேர், கில்மோர், டிராஸ்க். கதையின் தொடக்கத்தில் அவனுடைய லட்சியம் ஒன்றே ஒன்று, குற்ற உலகத்துக்கே சக்கரவர்த்தி ஆவது. பணம் கூட இரண்டாம்பட்சம். பட்டம்தான் வேண்டும்.

அவன் எங்கிருந்து வந்தான், சொந்தப் பெயர் என்ன, அந்தக் காது பிறவியா ஒட்டுக் காதா, ஒன்றும் சொல்லப்படவில்லை. அம்மா அப்பா கிடையாது. சின்ன வயதில் பட்ட அடி கிடையாது. இந்த இடத்தில்தான் ஆளாளுக்கு ஒரு ஸ்பைடரை உட்காரவைத்துக்கொள்கிறார்கள்.

சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகல்தான் இவனையும் உருவாக்கியவர் என்பது கூடுதல் சுவாரசியம்.

11 ஜூன், காலை 11.30

திருத்தம். உருவாக்கியவர் சீகல் அல்ல. டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைய, அப்படித் தொடங்கியது. சீகல் பிறகு வந்து சேர்ந்தவர். மூன்று பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள், நான்காவது ஆள் தயவுசெய்து வேண்டாம். கைப்பழக்கம். சீகல் பெயர் பெரிது, அதனால் நாக்கு அங்கேயே போகிறது.

ஆனால் பாருங்கள், இந்தத் திருத்தம் என் கட்சிக்குத்தான் வலு. கொள்ளைக்கார ஸ்பைடரை எழுதியவர் ஒருவர், கொள்ளையரைப் பிடிக்கும் ஸ்பைடரை எழுதியவர் இன்னொருவர். பாத்திரம் திருந்தவில்லை, எழுத்தாளர் மாறினார். முடிந்தது வழக்கு.

11 ஜூன், இரவு 10.20

முடியவில்லை. கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் அழகாக மடக்கிவிட்டார். இரண்டாவது கதையையும் கோவன்தான் எழுதினார். அதில் எதிரி யார்? கண்ணாடி மாயங்கள் காட்டும் மிரர் மேன். அதாவது இன்னொரு குற்றவாளி. சீகல் வருவதற்கு முன்பே ஸ்பைடர் போலீசோடு மட்டும் மல்லுக்கட்டுவதை விட்டுத் தன் சாதிக்காரனோடு மோதத் தொடங்கிவிட்டான். ஆகவே "ஆள் மாறினார், குணம் மாறியது" என்று கோடு கிழிக்க முடியாது.

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் காலையில் சொன்ன ரவுடி உவமைக்கு இது இன்னும் பொருத்தம்தானே? தன் பட்டத்துக்குப் போட்டியாக வந்தவனை அடிப்பது திருந்துவதா? அது தொழில் போட்டி.

12 ஜூன், காலை 7.05

இன்னொருவர் கேட்டிருக்கிறார், "கேள்வி கேட்ட தம்பி 'அவர்' என்கிறார், நீங்கள் 'அவன்' என்கிறீர்கள். இதிலேயே உங்கள் தீர்ப்பு தெரிந்துவிட்டதே?"

உண்மைதான், இதுவரை யோசித்ததில்லை. ஆங்கிலத்தில் எழுதியவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. கொள்ளைக்காரனுக்கும் கோமகனுக்கும் அங்கே ஒரே சொல். நமக்கு அப்படியில்லை. வாயைத் திறந்த உடனே அவனா அவரா என்று முடிவு செய்தாக வேண்டும். நம் ஆட்கள் பேசும்போது கவனியுங்கள். இன்னொரு காமிக்ஸ் நாயகரான இரும்புக்கை மாயாவியை யாரும் மட்டாகப் பேசமாட்டார்கள். ஸ்பைடரை மட்டும் 'கூர்மண்டையன்' என்பார்கள், அடுத்த வரியிலேயே 'கூர்மண்டையார்' என்பார்கள். கேலியும் மரியாதையும் ஒரே மூச்சில். வீட்டில் ஒரு மாதிரியான தாய்மாமன் இருந்தால் அவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

தலைப்புகளும் அப்படித்தான். தமிழில் வந்த ஸ்பைடர் புத்தகம் ஒன்றின் பெயர் 'எத்தனுக்கு எத்தன்'. இன்னொன்றின் பெயர் 'நீதிக்காவலன் ஸ்பைடர்'. இரண்டையும் வாடகை நூல்நிலைய அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பையன் என்னவென்று நினைப்பான்?

இந்தப் பக்கத்தின் தலைப்பில் தம்பியின் 'திருந்தினாரா' அப்படியே இருக்கட்டும். கேள்வி அவருடையது.

12 ஜூன், மதியம் 1.40

மாயாவி பேச்சு வந்ததால். அவரும் ஆரம்பத்தில் யோக்கியர் இல்லை என்பது பலருக்கு மறந்துவிட்டது. லூயிஸ் கிராண்டேல், பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூட உதவியாளர். ஒரு விபத்தில் வலக்கை போய் இரும்புக்கை வந்தது. மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரியும், ஆள் மறைந்துபோவார். மறைய முடியும் என்று தெரிந்ததும் முதலில் செய்தது திருட்டு. 1962-ல் அங்கே 'வேலியன்ட்' பத்திரிகையில் தொடங்கிய கதை. பத்து வருடம் கழித்து, 1972-ல், சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகவே போட்டது இவரைத்தான்.

அவர் பிறகு நிழல் படை என்ற ரகசிய உளவு அமைப்பில் சேர்ந்து நல்லவர் ஆனதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஏன்? விபத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு சாக்கு இருக்கிறது. நமக்கு ஒரு சாக்கு போதும், மன்னித்துவிடுவோம். ஸ்பைடருக்கு அந்தச் சாக்கு கிடையாது. அவன் தெளிந்த புத்தியோடு திருடினான், தெளிந்த புத்தியோடு விட்டான். இரண்டு வேலைக்கும் நடுவில் ஒரு துளி கண்ணீர் கிடையாது. மனம் வருந்துகிற கட்டம் ஒன்றே ஒன்று இருந்திருந்தால் தம்பிக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

12 ஜூன், இரவு 9.00

எங்கே கற்றேன் இந்த 'அவன்'-ஐ என்று இன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோவில்பட்டி. 1985-ஆக இருக்கும். எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினாறு. வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். பசைச் சட்டி, நீலத்தாள், மடித்து மடித்து அடுக்கி, குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144. கை ஓயாது, ஆனால் காது சும்மா இருக்கும். அக்காவுக்குக் கதை வேண்டும், எனக்கு வாடகைக் காசு வேண்டும். ஒப்பந்தம் ஆயிற்று. அவள் காசு தருவாள், நான் புத்தகம் எடுத்துவந்து சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும்.

வாசிப்பது என்றால் சும்மா இல்லை. ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆர்டினிக்கு ஒரு குரல். பெல்ஹாமுக்கு மூக்கால் ஒரு குரல். ஸ்பைடருக்கு நம்பியார். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பல்லைக் கடித்தபடி. சிரிப்பு மட்டும் வீரப்பாவிடமிருந்து கடன். தெருவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்ததுண்டு.

ஆக, என் ஸ்பைடர் வில்லன் ஆனதற்குக் கோவனும் காரணமில்லை, சீகலும் காரணமில்லை போலிருக்கிறது. நான் கொடுத்த குரல் காரணம். எம்ஜிஆர் குரல் கொடுத்திருந்தால்?

12 ஜூன், இரவு 9.20

முயற்சி செய்து பார்த்தேன், தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு. எம்ஜிஆர் குரல் பொருந்தவில்லை. தன்னைத் தானே இவ்வளவு புகழ்ந்துகொள்கிற ஆளுக்கு அந்தக் குரல் சேராது.

13 ஜூன், காலை 8.30

மதுரைக்காரர் ஒருவர் ரஜினியை இழுத்திருக்கிறார். அவர் சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன். எண்பதுகளில் டூரிங் டாக்கீஸில் படம் பார்த்தவர்களுக்கு வரிசை என்று ஒன்று கிடையாது. இந்த வாரம் ரஜினி கதாநாயகன். அடுத்த வாரம் பழைய படம் போடுவார்கள், '16 வயதினிலே' பரட்டையாக வந்து நிற்பார். 1977-ல் வந்த படம் 1985-ல் எங்களுக்குப் புதுப்படம். முன்னால் கெட்டவர், பின்னால் நல்லவர் என்கிற கணக்கெல்லாம் கிடையாது. ஒரே ஆள், இரண்டும் அவர்தான், இரண்டுக்கும் விசில்.

ஸ்பைடரையும் அப்படித்தான் படித்தோம். இங்கிலாந்துப் பையன் வாரம் இரண்டு பக்கமாக, 1965-லிருந்து 1969 வரை, வரிசையாகப் படித்தான். அவனுக்கு ஆள் மாறியது கண்ணெதிரே நடந்தது. எங்களுக்கு வாடகை நூல்நிலையத்தில் எது வெளியே போகாமல் இருக்கிறதோ அதுதான் அன்றைய ஸ்பைடர். அட்டை போனது, நடுப்பக்கம் போனது, கடைசிப் பக்கத்தில் எவனோ கணக்குப் போட்டு வைத்தது. நீதிக்காவலனைப் படித்துவிட்டு எத்தனிடம் வந்தவனும் உண்டு. அவனுக்கு ஸ்பைடர் என்பது நல்லவனாக இருந்து கெட்டுப்போன கதை! என்னுடைய வகுப்பிலேயே ஒருவன் அப்படிச் சாதித்தான். "ஏதோ கஷ்டம்ல அவனுக்கு" என்பான். கடன்காரன் தொல்லை என்பது அவன் ஊகம். அவன் வீட்டில் அப்போது அதுதான் நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்தது வெகுநாள் கழித்து.

13 ஜூன், இரவு 11.10

சீகலை அப்படியே விட்டுவிட்டேன். அவரைப் பற்றிக் கொஞ்சம், தூக்கம் வரவில்லை.

1933-ல், சீகலும் ஜோ ஷஸ்டரும் பள்ளிக்கூடப் பையன்கள். தாங்களே அச்சடித்த சின்னப் பத்திரிகையில் சூப்பர்மேன் என்று ஒரு கதை போட்டார்கள். அந்த சூப்பர்மேன் நல்லவன் அல்ல. வழுக்கைத் தலை, பிறர் மனதைப் படிக்கும் சக்தி, அதை வைத்து உலகத்தை ஆளப் பார்க்கும் வில்லன். பிறகு யோசித்து அதே பெயரை நல்லவனுக்கு வைத்தார்கள். 1938-ல் அவன் பறந்தான். பறக்கவில்லை, அப்போது தாவத்தான் தெரியும், அது வேறு சண்டை. உரிமையை அவர்கள் விற்ற விலை 130 டாலர்.

முப்பது வருடம் கழித்து அதே மனிதர். சூப்பர்மேன் உலகக் கோடீஸ்வரன், படைத்தவர் வேலைக்கு அலைகிறார், உரிமைக்காக மறுபடி வக்கீலிடம் போகிறார். அந்தக் காலத்தில்தான் கடல் தாண்டி இங்கிலாந்துக்காரனுக்கு எழுதிய கதைகளில் ஒன்று ஸ்பைடர். கையில் கிடைத்தது ஒரு வில்லன். அவனை எடுத்து நல்லவனாக்குகிறார். வாழ்க்கையில் இரண்டாவது முறை அதே வேலை!

இதைப் படித்த பிறகு எனக்கு ஸ்பைடரின் தற்பெருமை வேறு மாதிரிக் கேட்கிறது. "நானே பெரியவன், என்னை மிஞ்ச எவனும் இல்லை" என்று கட்டத்துக்குக் கட்டம் கத்துகிறானே, அது பாத்திரத்தின் குரலா? தன் பெயரை அச்சில் போடக்கூட மறுத்தவர்களைப் பார்த்து ஒரு மனிதர் கத்தியதா? 1975-ல்தான் சூப்பர்மேன் மேல் அவர்கள் இருவர் பெயரையும் மறுபடி போட ஒப்புக்கொண்டார்கள், கூடவே ஆயுள் ஓய்வூதியமும்.

14 ஜூன், காலை 6.50

நேற்று இரவு எழுதியதைக் காலை வெளிச்சத்தில் படித்தேன். கடைசிப் பத்தி கொஞ்சம் அதிகம். முதல் கதையிலிருந்தே ஸ்பைடர் தலைக்கனம் பிடித்தவன், அது கோவன் வைத்தது. சீகல் மனக்குறையை அவன் வாயில் திணிப்பது நான் செய்கிற வேலை. வகுப்புத் தோழன் கடன்காரனைத் திணித்த மாதிரியே. ஆனால் அழிக்கமாட்டேன், இருக்கட்டும். நேற்று இரவு அது எனக்கு உண்மையாக இருந்தது.

14 ஜூன், காலை 10.15

கூர்மண்டை பற்றி ஒரு குட்டி விசாரணை நடக்கிறது. அது முடியா, தொப்பியா? முடிதான் என்கிறது இன்றைய மறுபதிப்பு, தாள் நன்றாக இருக்கிறது, கோடு தெரிகிறது. பாக்கெட் சைஸில், மை ஊறிய தாளில், ரெக் பன் பார்த்துப் பார்த்துப் போட்ட நிழற்கோடுகள் எல்லாம் ஒரே கறுப்புத் திட்டு. எங்களில் பாதிப் பேர் அதைத் தலைக்கவசம் என்றே நினைத்தோம். பக்கத்து வீட்டுப் பையன் அதை ரத்தக்காட்டேரி என்று முடிவுகட்டி, சாயங்காலத்துக்குப் பிறகு புத்தகத்தைத் தொடவே மாட்டான். அவனுக்கு நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியே எழவில்லை. பேய்க்கு ஏது நல்லது கெட்டது?

அச்சு மையும் ஒரு விளக்கவுரைதான் போல.

15 ஜூன், இரவு 8.45

அக்காவுக்கு போன் போட்டேன். விஷயம் என் கையை விட்டுப் போய்விட்டது, அப்படியே எழுதுகிறேன்.

"ஸ்பைடர் ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"எந்த ஸ்பைடர்? நம்ம முதலாளியா?"

முதலாளியா! நான் முப்பத்தெட்டு வருடமாகக் கொள்ளைக்காரன் என்று மேடை போடாத குறையாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். இவள் மனசில் அவன் முதலாளி. ஏன் என்று கேட்டேன். "பின்னே? அந்தப் பூட்டுக்காரரும் பெரியவரும் ராத்திரி பகலா உழைப்பாங்க. இவரு வந்து நான்தான் செஞ்சேன், நான்தான் செஞ்சேன்னு நிப்பாரு. வேலை கெட்டுப்போச்சுன்னா அவங்களைத் திட்டுவாரு. நம்ம ஏஜெண்டு மாதிரியே இருப்பாரேலே."

ஆர்டினியையும் பெல்ஹாமையும் ஓரத்தில் நிற்கிற ஆட்களாகத்தான் நான் இதுவரை பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு அவர்கள்தான் கதை. அன்றைக்கு அவள் கையில் பசை, எதிரே கூலிக்கணக்கு. அவளுக்கு வேறு யார் கண்ணில் படுவார்கள்?

திருடன் என்று உனக்குத் தோன்றவே இல்லையா என்றேன். "திருடுனாரா? யார்கிட்ட?" என்கிறாள். "போலீஸ் துரத்துமே, மறந்துட்டியா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் சொன்னாள். "அதுல போலீஸ் வருமா? நீ வாசிச்சதுல போலீசே கிடையாதேலே."

15 ஜூன், இரவு 9.30

இப்போது ஞாபகம் வருகிறது. ஏன் வரவில்லை என்றால், நான் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிடுவேன். கில்மோருக்கும் டிராஸ்க்குக்கும் கொடுக்க என்னிடம் குரல் இல்லை. மூன்று குரலோடு என் சரக்கு தீர்ந்தது. போலீஸ்காரர்கள் வந்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பேசுவார்கள், அக்கா "இது யாரு பேசுறா?" என்று கேட்டுக் கதையை நிறுத்துவாள். அதனால் அவர்கள் வரும் பக்கங்களை எனக்குள் படித்துக்கொண்டு, அவளுக்கு ஸ்பைடர் வரும் பக்கத்துக்குத் தாவிவிடுவேன்.

ஒரே புத்தகம், ஒரே நேரம், ஒரே அறை. நான் போலீஸ் துரத்துகிற ஒரு திருடனைப் படித்தேன். அவள், வேலையாள் இருவரை மேய்க்கிற ஒரு மனிதரைக் கேட்டாள். கில்மோரும் டிராஸ்க்கும் இல்லையென்றால் அவன் எப்படித் திருடன் ஆவான்? துரத்த ஆள் இருந்தால்தானே?

15 ஜூன், இரவு 9.50

அதோடு இன்னொரு அடி. நான் முதலில் படித்தது எத்தன் கதை என்று பல இடத்தில் எழுதியிருக்கிறேன். அக்கா இல்லவே இல்லை என்கிறாள். முதலில் வந்தது அட்டை இல்லாத ஒரு புத்தகமாம். அதில் ஸ்பைடர் யாரோ ஒரு பைத்தியக்கார விஞ்ஞானியிடமிருந்து ஊரைக் காப்பாற்றினாராம். "நீதான் அவரை நல்லவர்னு சொன்னே, நான்தான் இல்ல இல்ல ஏமாத்துக்காரன்னு சொன்னேன்" என்கிறாள்.

அப்படியானால் முப்பத்தெட்டு வருடமாக நான் காத்துவந்த கட்சி அக்காவுடையதா? அவளுக்கும் வயது ஐம்பத்துநாலு, ஞாபகம் பிசகலாம். எனக்கும் பிசகலாம். அட்டை இல்லாத புத்தகம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

16 ஜூன், காலை 7.40

"வாசகர் சண்டைக்கு முடிவு என்ன, அசல் ஆசிரியர்கள் நினைத்தது எது?" என்று ஒருவர் கறாராகக் கேட்கிறார். ஐயா, அங்கேயே ஒரு முடிவு கிடையாது. 2005-ல் பிரிட்டிஷ் காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர் கதையமைக்க, அவர் மகள் லியாவும் ஜான் ரெப்பியனும் எழுதி 'ஆல்பியன்' என்று ஆறு இதழ் வந்தது. அதில் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் பாத்திரங்களை எல்லாம் அரசாங்கம் ரகசியச் சிறையில் போட்டு வைத்திருக்கிறது. ஸ்பைடரும் உள்ளே. அங்கே அவன் ஊரைக் காத்தவன் போலவா இருக்கிறான்? பார்த்தாலே பயம் வருகிற ஆள். ஆக அந்த ஊர்க்காரர்களுக்கும் கடைசியில் மனசில் நின்றது முதல் ஸ்பைடர்தான்.

2018-ல் ரெபெல்லியன் நிறுவனம் அந்தப் பழைய காமிக்ஸ் களஞ்சியத்தை வாங்கியது. 2021-ல் அவர்கள் போட்ட தொகுப்பின் தலைப்பிலும் 'குற்றச் சிண்டிகேட்'தான் இருக்கிறது. நீதிக்காவலன் எங்கே போனார்? நல்லவன் வேஷத்தை அவன் அதிக நாள் போட்டான், கெட்டவன் வேஷம் அதிகம் விற்கிறது. இதையும் தொழில் போட்டி கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

(என் பழைய கட்சிக்கு இது ஒரு வாக்கு என்பதைக் கவனித்தீர்களா? விட மனசு வரவில்லை.)

17 ஜூன், மாலை 5.20

கேள்வி கேட்ட தம்பியே மறுபடி எழுதியிருக்கிறார். நாங்கள் அடித்துக்கொண்டதை எல்லாம் படித்துவிட்டு, அவருக்கு ஸ்பைடர் பாவமாகத் தெரிகிறாராம். "யாரும் இல்லாத ஒரு ஆள், தன்னைப் பற்றித் தானே பேசிக்கொள்கிறார். கேட்க இரண்டே பேர், அவர்களும் வேலைக்கு வைத்த ஆட்கள். விடுதி அறையில் எனக்கு அப்படி ஒருவர் இருக்கிறார்" என்கிறார்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெரிய கோட்டையில் மூன்றே பேர். ராத்திரி சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொள்வார்கள்? அதை யாரும் வரையவில்லை.

தம்பி, உங்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தவன் நான், "அவன் திருந்தவே இல்லை" என்று அடித்துச் சொன்னேன். அதை இப்போது பாதி வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதிக்கு இன்னும் நான் ஜாமீன்.

18 ஜூன், காலை 11.00

இன்று ஞாயிறு. மறுபதிப்பை எடுத்துக்கொண்டு கோவில்பட்டி வந்துவிட்டேன். அக்கா ஸ்பைடரின் முகத்தை ஒழுங்காகப் பார்த்ததே கிடையாது. அந்த நாளில் பசைக் கையோடு புத்தகத்தைத் தொட விடமாட்டேன், அபராதம் போடுவார்கள். எட்ட நின்று காட்டுவேன், அதுவும் மங்கலான கறுப்புத் திட்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"காது இப்படியா இருக்கும்?" என்றாள். மனசுக்குள் அவள் வைத்திருந்தது ஜெமினி கணேசன் போல ஒருவராம். நான் நம்பியார் குரலில் வாசித்தேன், அவளுக்கு ஜெமினி தெரிந்தார். என் நடிப்பைப் பற்றி இதற்கு மேல் என்ன சொல்ல.

வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், தானே படித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

18 ஜூன், இரவு 9.15

பஸ்ஸில் இருக்கிறேன். அக்காவிடமிருந்து குரல் பதிவு வந்திருக்கிறது. பாதி படித்துவிட்டாளாம். இரண்டே வரி. அப்படியே எழுதுகிறேன்:

"அந்தப் போலீஸ்காரங்க ரெண்டு பேரும் நல்லாத்தானேலே பேசுறாங்க. அவங்களை ஏன் விட்டே?"